நான்கு ஊர் பார்த்த பசு

பொருளாதாரப் பேராசிரியராக இருந்து வளர்ச்சித் துறை அமைச்சரான அருமைநாயகம், தாம் வகுத்த கறவை மாட்டுத் திட்டத்தைப் பார்வையிடக் கிளம்பினார். ஊர்கள் நான்கு, அதிகாரிகளிடம் இருந்ததோ ஒரே பசு. ஒவ்வோர் ஊரிலும் அவர் பசுவைத் தடவிக் கொடுத்துவிட்டு மேடையேறுவார். நீளமாகத்தான் பேசுவார். அதற்குள் மாட்டுக்காரன் சுடலையாண்டி பசுவை லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கிவிடுவான்.

“ஒரே மாடுன்னு வாய் தவறிச் சொன்னே, வேலை போயிரும்” என்று அதிகாரி மிரட்டியிருந்தார்.

நான்காவது ஊரில் பசு ஓயாமல் கத்தியது.

“இதுக்கு என்னப்பா சீக்கு?” என்று எரிந்து விழுந்தார் அமைச்சர்.

“சீக்கெல்லாம் இல்லைய்யா, மடி கனத்துக் கிடக்கு” என்றான் சுடலையாண்டி பணிவாக. “விடிஞ்சதுல இருந்து நாலு ஊர்லயும் உங்க முன்னால வந்து நிக்கவே சரியாப்போச்சு. பால் கறக்க எங்கய்யா நேரம்?”