ஒன்பதாம் பாத்தியில் களவு

உகாண்டாவின் கிழக்கே ஒரு சோள ஆராய்ச்சிப் பண்ணை. அதன் தலைவி விஞ்ஞானி அமோங்கின். ஒகிரோர் அவரிடம் ஏழு வருஷமாகத் தொழில் கற்பவன். நாற்பதைத் தாண்டியும் அவசரம் அவனை விடவில்லை.

அந்த ஏழு வருஷமும் ஒரே ஒரு ரகத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்திருந்தான். வெள்ளை மணி, கனத்த கதிர். பண்ணையில் இருந்த பன்னிரண்டு ரகங்களில் எதை ஊருக்கு விதையாகக் கொடுப்பது என்று அமோங்கின் அன்று கையெழுத்திட வேண்டும். தன்னுடையதுதான் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

காலையில் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"டாக்டர், திருட்டு! வேலியைப் பிரிச்சுக் கதிரை அறுத்துட்டுப் போயிருக்காங்க. ரெண்டு காவலாள் போடணும். ஆராய்ச்சின்னா என்னன்னே தெரியாத ஜனம்."

"எந்தப் பாத்தியில?"

"ஒன்பதுல." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர்ச் சோளம் கலந்த ரகம். விளைச்சல் போதாதுன்னு நான் கழிச்சுக் கட்டினது. திருடக்கூடத் தெரியலை."

அமோங்கின் எழுந்து நடந்தார். அவனும் பின்னால் போனான்.

ஒன்பதாம் பாத்தியில் நன்றாக முற்றிய கதிர்களாகப் பார்த்து அறுத்திருந்தார்கள். விதைக்கு எடுப்பவர்கள் அப்படித்தான் பொறுக்குவார்கள். மிச்சமிருந்த பழுப்புக் கதிர்கள் வலை எதுவும் இல்லாமல் வெயிலில் திறந்தபடி நின்றன. அந்த மணியின் துவர்ப்புக்கு ஒரு குருவிகூட அண்டவில்லை.

நாலாம் பாத்தியில் ஒகிரோரின் வெள்ளைச் சோளமும் முற்றித்தான் இருந்தது. ஒரு கதிர்கூடக் குறையவில்லை.

"மேல எதுக்கு வலை?"

"குருவி விடாது, டாக்டர்."

"ஊர்ல யார்கிட்ட வலை இருக்கு?"

அவன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வேலி வரைக்கும் வந்தவர்கள், வலையைத் தூக்கிப் பார்க்கும் தூரத்தில் நின்றவர்கள், தன் கதிரைத் தொடாமலே போயிருக்கிறார்கள். திருட்டைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

வலையின் ஓரத்தைப் பிடித்தபடி கேட்டான்.

"அப்ப, எந்த ரகத்தை ஊருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"நாம எங்க கொடுக்கறது? அவங்களே வந்து எடுத்துக்கிட்டாங்க."

அமோங்கின் அங்கேயே நின்று தாளில் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"என் ஏழு வருஷம், டாக்டர்?"

"விடாம செய், ஒகிரோர். உன் பாத்தியில களவு போற அன்னிக்குச் சொல்லு. அதுக்கும் கையெழுத்துப் போடறேன்."