சகலை வீட்டு வெளிச்சம்

போத்தனூரில் ஜமீலா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார். சொந்த வண்டியைச் சொந்தக் கையால் சரிசெய்ய ஆசைப்பட்டவர்கள் அவரிடம் வந்தார்கள். டீச்சருக்கு நாற்பது வயது ஆகவில்லை. மாணவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். யாராவது கேள்வி கேட்டால், அதற்குத் தோதான ஒரு வேலையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

மருதாசலம் முதலில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். மில்லுகளுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் மேலாளர். அவர் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜீப் ஓடாமல் நின்றது. அதை ஓட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்வார். வகுப்பில் அவர்தான் கெட்டிக்காரர் என்று அவருக்கே தெரியும்.

அப்படியே இருந்திருக்கலாம். ஒருநாள் மாமனார் வீட்டு விருந்தில், டீச்சரைப் பற்றிச் சகலையிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். அடுத்த ஞாயிறே சகலை குழந்தைவேலு வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மருதாசலம் மூத்த மருமகன். குழந்தைவேலு இளையவர். இருவர் வீடும் ஒரே வீதியில். சகலையிடம் மருதாசலத்துக்குப் பகை எதுவும் கிடையாது. ஆனால் மாமியார் வீட்டுப் பந்தியில் சகலை இலைக்கு அப்பளம் முதலில் போனால் அவருக்குத் தெரிந்துவிடும். மாமனார் யாரை நலம் விசாரித்தார், எத்தனை வார்த்தை பேசினார் என்பதெல்லாம் வீடு திரும்பிய பின்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

வகுப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்த சகலையின் பழைய கார்தான் முதலில் சரியாகி ஓடியது. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து வீதியைச் சுற்றி வந்து, மருதாசலம் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். மருதாசலம் வெளியே வந்து சிரித்தார். உள்ளே போனதும், காபியில் சர்க்கரை இல்லை என்று மனைவி தெய்வானையிடம் சண்டை போட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் டீச்சர் சகலை வீட்டு ஷெட்டுக்குப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டபோது தூக்கம் போய்விட்டது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. தன் ஷெட்டுக்கு டீச்சர் ஒருநாளும் வந்ததில்லை.

சகலையிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தார். வேலைக்குப் போய்த் திரும்பும்போது சகலை வீட்டு ஷட்டரின் அடியில் ஒரு வெளிச்சம் தெரியும். பால் போல வெள்ளையாக வாசல் வரை வழியும். தன் ஷெட்டில் ஒரே ஒரு டியூப்லைட். ஜீப்புக்கு அடியில் படுத்தால் சொந்தக் கையே தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து பல்பு போட்டால் அது காலில் சிக்கும், சுடும், பாதி வேலையில் பிடுங்கிக்கொள்ளும். விஷயம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார்.

சார்ஜ் போட்டு எங்கும் எடுத்துப் போகிற விளக்கு ஒன்று வாங்குவதென்று டவுன்ஹால் பக்கம் கடை கடையாக ஏறினார். விலை கையைக் கடிக்கக் கூடாது, வெளிச்சம் கண்ணைப் பறிக்க வேண்டும். முதல் கடைக்காரர் பொறுமையானவர். காலில் நிற்கிற பெரிய விளக்கைக் காட்டினார். தலையில் மாட்டுகிற விளக்கைக் காட்டினார். இரும்பில் ஒட்டிக்கொள்ளும் காந்தம் வைத்த சின்ன விளக்கையும் காட்டினார். எது எத்தனை நேரம் எரியும், எதில் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லாம் சொன்னார். மருதாசலம் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: போத்தனூர்க்காரர் யாராவது இதைவிடப் பெரிதாக வாங்கிப் போனாரா?

கடைக்காரர் யோசித்து, தெரியாது என்றார். மருதாசலம் வெறுங்கையோடு திரும்பினார். வேறு கடையிலும் அதே கதை. எதை எடுத்தாலும் சகலையின் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருக்குமோ என்று கை கூசியது.

கடைசியில் டீச்சரிடமே போனார்.

“டீச்சர், ஒரு ரீசார்ஜ் லைட் வாங்கணுங்க. எது நல்லதுன்னு சொல்லுங்க.”

“எந்த வேலைக்கு சார்?”

“ஷெட்டு வேலைக்குத்தானுங்க. சகலை வெச்சிருக்கறதவிட வெளிச்சம் கூட இருக்கணும். விலை கம்மியா இருக்கணும்.”

“அவரு என்ன லைட் வெச்சிருக்காரு?”

மருதாசலம் ஷட்டருக்கு வெளியே வழிந்த வெளிச்சத்தைத்தான் பார்த்திருந்தார். விளக்கைப் பார்த்ததே இல்லை.

“இன்னிக்கு மத்தியானம் அவரு பிரேக் பைப்பு மாத்தறாரு” என்றார் டீச்சர். “லைட் பிடிக்க ஆள் வேணும்னு கேட்டாரு. நீங்க போங்க. அப்புறமா வாங்க, சொல்றேன்.”

மருதாசலத்துக்குச் சுருக்கென்றது. சகலைக்கு நான் விளக்குப் பிடிக்கவா? ஆனால் டீச்சர் சொல்லிவிட்டார். அந்த விளக்கைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. போனார்.

சாரல் உள்ளே அடிக்கிறதென்று சகலை ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கி வைத்திருந்தார். கார் தாங்கிகள் மேல் நின்றது. சகலை அதன் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். மருதாசலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்களே வந்துட்டீங்களா சகலை” என்று கையை நீட்டி விளக்கைக் கொடுத்தார்.

உள்ளங்கையில் அடங்குகிற விளக்கு. பின்னால் ஒரு காந்தம். கொக்கி உடைந்துபோய் அந்த இடத்தில் நூல் கட்டியிருந்தது. கடைக்காரர் காட்டியதிலேயே விலை குறைந்தது அதுதான். மருதாசலம் நிமிர்ந்து பார்த்தார். சுவர் முழுக்கப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அந்தச் சின்ன வெளிச்சம் சுவரில் பட்டு ஷெட் பூராவும் நிறைந்தது. வீதியில் போகும்போது அவர் பார்த்துப் பொருமியது இவ்வளவுதான்.

இதைப் பார்த்து அவர் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இந்த விளக்கை வைத்துக்கொண்டா இவர் காரை ஓட வைத்தார் என்று இன்னும் எரிந்தது.

காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார். சகலை ஸ்பேனரை நட்டில் மாட்டினார். மருதாசலத்தின் கண் மெல்லச் சுவர்ப் பக்கம் போனது. ஆணிகளில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. தன் வீட்டில் எல்லாம் ஒரே வாளியில் கிடக்கும்.

“சகலை, வெளிச்சம் இங்கிட்டுங்க.”

திருப்பினார். கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பிடித்தார். பிறகு மூலையில் ஒரு பச்சைப் பெட்டி கண்ணில் பட்டது. மாமனாருடைய பெட்டி. அவர் பஸ் ஓட்டிய காலத்தில் கூடவே வைத்திருந்த சாமான் பெட்டி. மூத்த மருமகன் நான் இருக்க, அது இங்கே எப்படி வந்தது? என்றைக்குக் கொடுத்தார்? இவர் கேட்டு வாங்கினாரா, அவராகக் கூப்பிட்டுக் கொடுத்தாரா? தெய்வானைக்குத் தெரியுமா? தெரிந்தும் என்னிடம் மறைத்தாளா?

காருக்கு அடியில் ஸ்பேனர் நழுவியது. ஒரு முனகல் கேட்டது.

சகலை மெதுவாக வெளியே ஊர்ந்து வந்தார். வலது கை விரல் முட்டிகள் கிழிந்து ரத்தம் வடிந்தது. மருதாசலத்தின் கையில் இருந்த விளக்கு அப்போதும் பச்சைப் பெட்டியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் அவசரமாக அதைத் திருப்பினார். சகலை கவனித்தாரா என்று தெரியவில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, என் தப்புத்தான், நட்டு சரியாகத் தெரியாமலே திருகிவிட்டேன் என்றார். மருதாசலத்துக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. துணி கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டார்.

வலது கை மடங்கவில்லை. வேலையோ பாதியில் நின்றது, பைப்பிலிருந்து பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க திருகறீங்களா?” என்றார் சகலை. “நான் பிடிக்கறேன்.”

மருதாசலம் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தார். சகலை பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து இடது கையால் விளக்கைப் பிடித்தார். துருப்பிடித்த நட்டின் ஆறு பக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது. ஸ்பேனரை எடுக்கத் திரும்பினால் வெளிச்சம் ஸ்பேனர் மேல் இருந்தது. பைப்பின் அடுத்த முனைக்குக் கை போவதற்குள் வெளிச்சம் அங்கே போய்க் காத்திருந்தது. ஒருமுறைகூட அவர் கேட்க வேண்டி வரவில்லை. தன் ஜீப்பின் அடியில் இத்தனை நாள் அவர் தடவித் தடவிச் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

புது பைப் ஏறியது. சொட்டு நின்றது.

இருவரும் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தார்கள். மருதாசலத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. டீச்சர் மூன்று தடவை இங்கே வந்தார்களாமே என்று கேட்டுவிட்டார்.

சகலை சிரித்தார். “ஒரே தப்ப மூணு தடவை பண்ணுனனுங்க. வகுப்புல கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்க ஒருதரம் சொன்னாலே பிடிச்சுக்கறீங்க. உங்க முன்னால எப்படிங்க கேக்கறது? பொறாமையாக்கூட இருக்கும் சில நேரம்.”

மருதாசலத்துக்குப் பச்சைப் பெட்டியைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அது உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். மருதாசலம் மட்டும் நின்றார்.

“என்ன சார், லைட் வாங்கிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. சின்னதே போதும்னு இருக்கேன். காந்தம் இருக்கணும், கொக்கி உறுதியா இருக்கணும். அரை நாள் எரிஞ்சாப் போதும். சுவருக்கு வெள்ளை அடிச்சுக்கறேன்.”

டீச்சர் தலையசைத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“ஒண்ணு மட்டும் புரியலைங்க டீச்சர்” என்றார் மருதாசலம்.

டீச்சர் நின்றார்.

“லைட்டு அதேதான். சகலை பிடிச்சப்ப எனக்கு எல்லாமே தெரிஞ்சுதுங்க. நான் பிடிச்சப்ப அவருக்கு ஒண்ணும் தெரியல. கையக் கிழிச்சுக்கிட்டாரு.”

டீச்சர் திரும்பி வந்தார்.

“நீங்க பிடிச்சப்ப, உங்களுக்கு என்னென்ன சார் தெரிஞ்சுது?”