பேர் கட்டின சரக்கு

அநியாயம் நடந்தது அமலோற்பவத்துக்கு.

தருவைக்குளத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர். கம்ப்ரசருக்கு ஒரு சீல் வேண்டும் என்று தூத்துக்குடியில் உலகம்மையின் கடையில் ஆர்டர் கொடுத்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற வளையம்தான். அது இல்லாமல் கம்ப்ரசர் ஓடாது. கம்ப்ரசர் ஓடாமல் ஐஸ் உறையாது. ஐஸ் இல்லாமல் எந்த மீன்பிடிப் போட்டும் கடலுக்குப் போகாது.

சீல் சென்னையிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று. அமலோற்பவத்தின் பெயரை எழுதிய அட்டை அதில் கட்டப்பட்டு அலமாரிக்குப் போனது.

அந்த அட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சீலை ஒரு ரசாயன ஆலைக்குத் தூக்கிக் கொடுத்தார் கடையில் வேலை பார்க்கும் ஆவுடையப்பன்.

கொடுத்ததோடு விட்டாரா? "லாரி இன்னும் வரலைம்மா, நாளைக்கு வந்துரும்" என்று அமலோற்பவத்திடம் போனில் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும்.

ஆலை கத்தியது. பிளான்ட் நம்பியது. கத்தியவருக்குச் சீல் கிடைத்தது. நம்பியவருக்கு 'நாளைக்கு' கிடைத்தது. இதற்குத்தான் கஸ்டமர் சர்வீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.



ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

சென்னையில் பல வருஷம் பம்பும் வால்வும் விற்றவர். சேல்ஸ் மேனேஜர் நாற்காலியை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு ஏஜென்சி தொடங்கும் ஆசையோடு ஊருக்குத் திரும்பியவர். உலகம்மையிடம் ஒருமுறை வாங்கினவர்கள் வேறு கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று கேள்விப்பட்டு, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் இங்கே சேர்ந்தார். உலகம்மை அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

முதல் நாளே கேட்டார்.

"மேடம், கஸ்டமரை எப்படிப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

உலகம்மை ஒரு நூல்கண்டையும் ஒரு கட்டு அட்டையையும் அவர் கையில் வைத்தார்.

"வர்ற சரக்குல, ஆர்டர் கொடுத்தவங்க பேரை எழுதிக் கட்டுங்க அண்ணாச்சி."

"கட்டிட்டு?"

"அவங்க வந்து அவிழ்க்கட்டும்."

"நடுவுல வேற யாராவது அவசரமா கேட்டா?"

"யார் பேரு கட்டியிருக்கோ, அவங்ககிட்ட கேளுங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சென்னையில் பெரிய ஹோட்டல்களில் நடக்கும் பயிற்சி வகுப்பில் எவனாவது இதைப் போய்ச் சொன்னால், அவனுக்கு இடைவேளையில் டீகூடக் கொடுக்கமாட்டார்கள்.

இருந்தாலும் கட்டினார். நன்றாகவே கட்டினார். அமலோற்பவத்தின் அட்டையைக் கட்டியதும் அவர்தான்.



உலகம்மை சென்னைக்குப் போயிருந்த வாரத்தில்தான் எல்லாம் நடந்தது. அவர் திரும்பி வந்து உள்ளறையில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஆவுடையப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மேடம், அந்த ஐஸ் பிளான்ட் அம்மா வந்து நிக்கிறாங்க. நகரமாட்டேங்கிறாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசி அனுப்பி வைங்க."

"எதுக்கு நிக்கிறாங்க?"

ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார். ஆலை, அட்டை, லாரி, எதையும் மறைக்கவில்லை.

"இன்னைக்குக் காலையில இன்னொரு சீல் வந்துருச்சு மேடம். எடுத்துக் கொடுத்தேன், தொடவே மாட்டேங்கிறாங்க. பாதி விலைன்னேன். சும்மாவே வச்சுக்குங்கன்னேன். நம்ம செலவுல ஃபிட்டரை அனுப்பி மாட்டித் தர்றேன்னுகூடச் சொல்லிட்டேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?"

"நீங்க என்னென்ன கொடுத்தீங்கன்னு நான் கேக்கலை அண்ணாச்சி. அவங்க என்ன கேக்குறாங்க?"

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"'என் சாமான் வந்துச்சா, வரலையா'ன்னு கேக்குறாங்க."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ அதைச் சொல்லிட்டு வாங்க."



கவுண்டரில் அமலோற்பவம் கைப்பையை வைத்துவிட்டு நின்றிருந்தார். தனியாக வரவில்லை. பக்கத்தில் தஸ்நேவிஸ். போட்டுக்காரர். அவருடைய போட்டும் அவர் சொந்தக்காரர்களுடைய போட்டுகளும் அமலோற்பவத்தின் ஐஸை நம்பித்தான் இந்த வாரம் கரையிலேயே கிடந்தன.

"தினமும் நாளைக்கு நாளைக்குன்னா இவ," என்றார் தஸ்நேவிஸ், கடைக்கே கேட்கும்படி. "இல்லைன்னு சொல்லியிருந்தா நாங்க வேற பிளான்ட்டுல ஐஸ் பிடிச்சிருப்போம்லா? ஐஸை வெளியூர்க்காரனுக்குக் கூடுதல் விலைக்கு வித்துட்டு, எங்ககிட்ட மெஷின் கதை விடுதா."

"கேட்டீங்களா சார்?" என்றார் அமலோற்பவம். குரல் உயரவில்லை. "நீங்க என்கிட்ட சொன்னதைத்தான் நான் இவுககிட்ட சொன்னேன். உங்க 'நாளைக்கு'தான். என் வாயில வந்ததும் அது பொய்யாயிருச்சு. இப்போ கரை முழுக்க நான்தான் பொய்க்காரி. இனி என்கிட்ட ஐஸ் பிடிக்கவே கூடாதுன்னு பேசிக்கிடுதாக."

"அம்மா, புது சீல் ரெடியா..."

"சீலை அங்கிட்டு வைங்க சார். லாரி ஆபீஸ்ல கேட்டேன். தினமும் வந்திருக்கு. லாரி வந்துச்சுன்னு அவங்க சொல்லுதாங்க. அதுல என் சாமான் இருந்துச்சான்னு நீங்கதான் சொல்லணும். இந்த மனுசன் காதுல விழுற மாதிரி சொல்லுங்க. என் சாமான் வந்துச்சா, வரலையா?"

ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"அதாவதும்மா, சப்ளையில ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப்..."

"என்ன வே கேப்பு?" என்றார் தஸ்நேவிஸ். "வந்துச்சுன்னா வந்துச்சுன்னு சொல்லும். வரலைன்னா வரலைன்னு சொல்லும். ரெண்டுல ஒண்ணு சொல்ல வாய் வலிக்கோ?"

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் ஆவுடையப்பன்.



"சொல்ல முடியாது மேடம்."

"ஏன்?"

"அந்த ஆள் போட்டுக்காரர். சொன்னா சாயங்காலத்துக்குள்ள கரை முழுக்கத் தெரிஞ்சுரும். கடைப் பேரு கெட்டுரும். உங்க பேரைக் காப்பாத்தத்தான் நான் இத்தனை பாடுபடுறேன்."

"என் பேரையா?"

"பின்னே?"

"அட்டையில யார் பேரு அண்ணாச்சி இருந்துச்சு?"

அவர் அதைக் கேட்காததுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாதாட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாதாடுவதில் அவர் சளைத்தவர் இல்லை.

"நான் செஞ்சதே தப்பில்லை மேடம். யோசிச்சுப் பாருங்க. சீல் ஒண்ணு, கேக்குறவங்க ரெண்டு பேரு. ஆலை நின்னா ஷிப்டுக்கு வர்ற அத்தனை தொழிலாளியும் கேட்டுக்கு வெளிய நிக்கணும். அவங்களுக்கும் வீடு இருக்கு, பிள்ளைங்க இருக்கு. எது பெரிய கஷ்டம்? யாருக்குக் கொடுக்கணும்?"

உலகம்மை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"நியாயமாத்தான் இருக்கு."

"ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன். இதை அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எதை?"

"இந்த நியாயத்தை. அட்டையை அவிழ்க்கிறதுக்கு முன்னால."

ஆவுடையப்பன் கண்ணாடியை மறுபடி கழற்றி மேசையில் வைத்தார்.

"இவ்வளவு நல்ல நியாயத்தைக் கையில வச்சுக்கிட்டு, எதுக்கு அண்ணாச்சி லாரியை இழுத்தீங்க?"

"சொல்லியிருந்தா அவங்க முடியாதுன்னிருப்பாங்க."

"இருக்கலாம். சரின்னும் சொல்லியிருக்கலாம். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா..."

மேசையில் இருந்த போன் அடித்தது.

ஆவுடையப்பன் பாய்ந்து எடுத்தார். ரசாயன ஆலையின் பர்ச்சேஸ் ஆபீசர். வருஷம் முழுக்க வேண்டிய சீல், பேரிங், பெல்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கப் போகிறார்களாம். ஆவுடையப்பன் உடனே விலைப்பட்டியலோடு வர வேண்டுமாம். அன்றைக்குச் சமயத்தில் கைகொடுத்தவரை மறப்பார்களா?

ஒரு கையால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவர் எழுந்தார். முகம் பூவாக மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா மேடம்? அந்த ஒரு சீல் எதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கு பாத்தீங்களா? நான் இப்பவே கிளம்புறேன். அந்தம்மாவை நீங்க சமாளிச்சு அனுப்பிருங்க."

உலகம்மை இழுப்பறையிலிருந்து புதிதாக ஓர் அட்டையை எடுத்தார். பேனாவை எடுத்து எழுதினார். நூலைக் கிள்ளி அட்டையில் கோத்தார். மேசையைச் சுற்றி வந்து, ஆவுடையப்பனின் சட்டைப் பொத்தானில் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டார்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார்.

அமலோற்பவம், தருவைக்குளம்.

"என்ன மேடம் இது?"

உலகம்மை அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"வணக்கம் சார், உலகம்மை பேசுறேன். அண்ணாச்சி இங்கதான் இருக்காரு. ஆனா அவருக்கு வேற ஒருத்தங்க பேரு கட்டியாச்சு... ஆமா சார், அவரை அனுப்ப முடியாது. அவங்க வந்து அவிழ்த்துவிட்டா அனுப்பி வைக்கிறேன்."

மறுமுனை கத்துவது ஆவுடையப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீங்க பெரிய கம்பெனிதான் சார், யாரு இல்லைன்னா?... அந்த ஆர்டர் உங்களோடது, யாருக்கு வேணும்னாலும் கொடுங்க... கத்துங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மறுமுனை ஓய்ந்தது. உலகம்மை ரிசீவரை வைத்தார்.

"மேடம்! வருஷ ஆர்டர் மேடம்!"

"அதுக்கென்ன?"

"நான் போனா இப்பவும் சரி பண்ணிரலாம்."

"போங்களேன்."

"இதோட எப்படிப் போறது?" அவர் அட்டையைப் பிடித்து ஆட்டினார். "இதை அவிழ்த்துரட்டுமா?"

"கை உங்களோடது. முடிச்சும் உங்களுக்குப் பழக்கமானதுதானே?"

ஆவுடையப்பனின் விரல்கள் முடிச்சுக்குப் போயின.

நகம் வைத்து நெம்பினார். வரவில்லை. அன்றைக்கும் இப்படித்தான். அலமாரி ஓரமாகத் திரும்பி நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். நாக்கில் ஒட்டிய பிசிறைத் துப்பினார். அதே வாயோடு போனை எடுத்து, லாரி வரவில்லை என்றார்.

விரல்கள் நின்றுவிட்டன.

"மேடம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வெளியே நடந்தார்.



அவரை முதலில் பார்த்தது தஸ்நேவிஸ்தான்.

"என்ன வே, உம்மையும் அலமாரியில வச்சு விக்கப் போறாகளா?"

கடையில் நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள். ஆவுடையப்பனின் காது சிவந்தது. ஆனால் அட்டையைக் கையால் மறைக்கவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் நிற்கிற பக்கத்துக்கே வந்து அமலோற்பவத்தின் முன்னால் நின்றார்.

அமலோற்பவம் அட்டையைப் படித்தார். தன் பெயர். தன் ஊர். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

உள்ளே போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. யாரும் எடுக்கவில்லை.

"என் சாமான் வந்துச்சா, வரலையா?" என்றார் அமலோற்பவம்.

ஆவுடையப்பன் தஸ்நேவிஸ் பக்கம் திரும்பினார். போன் சத்தத்தையும் தாண்டி அவர் காதில் விழும்படி சொன்னார்.

"வந்துச்சு. செவ்வாய்க்கிழமையே வந்துச்சு. நான்தான் அவிழ்த்தேன்."