துணைக்கு ஆள் கேட்காத கரடி

இலுப்பைக் காட்டில் மூக்கன் என்றொரு கரடி தனியாக வாழ்ந்து வந்தது. ஓயாமல் தேன் குடித்து அதற்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? ஒரு நாளைக்கு மூன்று தேனடை!

குளக்கரையில் நாரை வைத்தியர் இருந்தார். சர்க்கரை நோய் சத்தமில்லாமல் கண்ணைக் கெடுக்கும் என்பதால், அந்த நோயுள்ள விலங்குகளை ஆண்டுக்கு ஒருமுறை வரச்சொல்வார். கண்ணில் பச்சிலைச் சாறு விட்டு உள்ளே உற்றுப் பார்ப்பார். சாறு விட்டால் பொழுது சாயும்வரை பார்வை மங்கும். அதனால் துணைக்கு ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்பது அவர் கட்டளை.

தகவல் சொல்ல மைனா வந்தது.

"மூக்கண்ணே! செவ்வாய்க்கிழமை உன் முறை. மறந்துடாதே!"

"எனக்கு நேரமில்லை! அந்த மரத்து எறும்புகூட எனக்குத் தெரியுது. கண்ணுக்கு என்ன குறை?"

எறும்பு தெரிந்தது உண்மைதான். நேரமில்லை என்றது பச்சைப் பொய். மூக்கனுக்கு நாள் முழுக்க ஒரு வேலையும் கிடையாது, பேச ஒரு ஆளும் கிடையாது. துணைக்கு வா என்று யாரிடம் கேட்பது? 'இவ்வளவு பெரிய கரடிக்கு ஒருத்தருமே இல்லையா?' என்று காடே சிரிக்காதா? அந்த வெட்கத்தில் அது குகையிலேயே கிடந்தது.

மறு ஆண்டு, "முதுகு வலி!" என்றது. அதற்கடுத்த ஆண்டு, "மழை வரும்போல இருக்கு!" என்றது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

ஒருநாள் காலையில் கண் விழித்தபோது இடது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. மூக்கன் அலறியடித்துக்கொண்டு குளக்கரைக்கு ஓடியது.

நாரை பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "இந்தக் கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் நோய் தொடங்கிவிட்டது. இன்றே சாறு விட்டு மருந்து போட்டால் பிழைக்கும். துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?"

மூக்கன் இந்த முறை பொய் சொல்லவில்லை. "எனக்கு யாருமே இல்லை, ஐயா!" என்று வாய்விட்டு அழுதது.

பக்கத்துப் புதரிலிருந்து ஒரு முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது.

"அழாதே, அண்ணே! நான் வேலாயி. எனக்கும் சர்க்கரைதான், எனக்கும் யாரும் இல்லை. மூணு வருஷமா இந்தப் புதர்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறேன். முள்ளுக்காரி பக்கத்துல யாரு நடப்பாங்க?"

"உன் வீடு எங்கே, தாயி?"

"உன் குகைக்குப் பின்னாலதான்!"

மூக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலாயியின் பக்கத்தில் போய் நின்றது.

"நீ மருந்து போட்டுக்கோ. நான் முள்ளை ஆட்டிக்கிட்டே முன்னால போறேன். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வா!" என்றது வேலாயி.

அன்று வேலாயி கரடியை வீட்டில் சேர்த்தது. மறுநாள் வேலாயியின் கண்ணில் நாரை சாறு விட்டார். அதற்குக் கரடி துணை போனது. வேலாயியின் இரண்டு கண்களும் நன்றாக இருந்தன. மூக்கனுக்கு வலது கண் பிழைத்தது. இடது கண் மட்டும் கடைசிவரை இருட்டாகவே இருந்தது.

துணை கேட்க வெட்கப்பட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால், பிறகு துணை கிடைத்தாலும் போன பார்வை கிடைக்காது.