முருங்கைக்காய் உடன்படிக்கை

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

பாறைநாட்டுக்காரர்கள் ஆற்று மதகை மூடிவிட்டார்கள். கீழே கோரைநாட்டில் பயிர் வாடியது. பேச வந்த பாறைநாட்டுத் தூதர் வீரகங்கரோ, ஒரு சொல் பிடிக்காவிட்டாலும் விருட்டென்று எழுந்து போய்விடுவார். ஐந்து முறை போயாயிற்று.

"ஆறாவது தடவையும் எழுந்தால் அறுவடையே கிடையாது. பிடித்து உட்கார வைத்தாலோ போர்!" என்று ராஜா புலம்பினார்.

"பந்தியில் உட்கார வைத்துப் பேசுங்க ராஜா, எழ மாட்டார்" என்றாள் சமையற்காரி பூவாத்தா. அவளுக்கும் ஆற்றோரம் அரைக்காணி நெல் வாடிக்கொண்டிருந்தது.

பந்தி போட்டார்கள். தூதருக்குப் பக்கத்து இலை, பல்லே இல்லாத கிழ மந்திரிக்கு.

தூதர் மீசையைத் தடவினார். "பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்குமுன் எழுவது எங்கள் நாட்டில் மகா இழிவு, தெரியுமா?"

"தெரியும் சாமி" என்ற பூவாத்தா, மந்திரியின் இலையில் முருங்கைக்காயைக் குவித்தாள்.

மதகுப் பேச்சு வந்தது. தூதர் முகம் சிவந்து எழப்போனார். பக்கத்தில் மந்திரி முதல் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தது. தூதருக்குக் கால் மரத்தது. மந்திரி இரண்டாவது துண்டை எடுத்தார்.

"ஏம்மா, இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார் தூதர்.

"கொல்லையில் ஒரு மரமே இருக்கு சாமி."

"மதகைத் திறக்கிறோம், ஓலையைக் கொண்டா!" என்று அலறினார் தூதர்.

முத்திரை விழுந்தது. "போதும் ஐயா, இலையை மூடுங்க" என்றாள் பூவாத்தா.

"ஏன், காய் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மந்திரி.