ஒற்றை ஆள் வண்டி

“மூணு வண்டி கட்டிப் பாத்துட்டேன் அம்மிணி. எதுலயும் ஒரு ராத்திரிக்கு மேல தங்க முடியல.”

மருதவாணன் கரூரில் முப்பது வருடமாக பஸ்களுக்குக் கூடு கட்டுகிறவர். மனைவி இறந்த பிறகு, தனியாக ஒரு வண்டியில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று ஆசை வந்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து ஒன்று கட்டினார். மறுநாளே ஏதோ குறைகிறது என்று திரும்பிவிட்டார்.

அடுத்ததைப் பெரிதாகக் கட்டினார். அதிலும் ஏதோ குறைந்தது.

மூன்றாவது, மினி பஸ் அளவு. அதை எடுத்துக்கொண்டுதான் கோசலையைத் தேடி கல்வராயன் மலை அடிவாரத்துக்கு வந்திருந்தார்.

கோசலை அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். திருப்பூரில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஆறு வருடமாக மூன்று சக்கர லோடு ஆட்டோ ஒன்றில்தான் வாசம். அவர் போகாத கரை இல்லை, ஏறாத மலை இல்லை என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருந்தார்.

ஓடைக் கரையில் நின்றிருந்த அந்த ஆட்டோவை மருதவாணன் டேப் வைத்து அளந்தார். உள்ளே ஆறடி நீளம், நாலடி அகலம். ஒரு பலகை. அடியில் இரண்டு இழுப்பறை. தலை வைக்கும் இடத்தில், படுத்தபடியே வெளியே பார்க்க ஒரு ஜன்னல். காற்றுக்குக் கூரையில் ஒரு சாண் திறப்பு.

தொழில்காரர் கண்ணோடு குறை தேடினார். ஒரு திருகாணிகூட அதிகமாக இல்லை.

எதெது வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

“சட்டை தைக்க உடம்பைத்தான் அளப்போங்ணா. அலமாரியை அளக்க மாட்டோம்.”

இதே அளவில் தனக்கும் ஒன்று கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, “இது என்ற உடம்பு அளவு. உங்களுக்கு இறுக்கிப் பிடிக்கும்” என்று கைகளைச் சுருக்கிக் காட்டிவிட்டு, கோசலை அவருடைய வண்டியைப் பார்க்க ஏறினார்.

மருதவாணன் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஃப்ரிட்ஜ், ஷவர், மடக்கு மேஜை, நான்கு நாற்காலிகள்.

“நாலு நாற்காலி யாருக்குங்ணா?”

“யாராச்சும் வந்தா வேணுமே.”

கோசலை தலையாட்டினார். இறங்கும்போது முழங்கால் இரண்டு இடத்தில் இடித்தது.

பிறகு டீ போட்டார். டம்ளர் ஒன்றுதான் இருந்தது. மருதவாணன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, அதைக் கழுவித் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று மருதவாணனுக்கு இருந்தது. விடிந்ததும் கிளம்பிவிட நினைத்துப் படுத்தார்.

காலையில் மலைப்பாதையில் ஆட்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். கட்டிலில் சடையன் என்பவர். புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்திருந்தார். இடுப்பு அசையவில்லை. கூடவே அவர் மனைவி ஓடி வந்தாள். மேலே போனில் சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர்.

மருதவாணன் தன் வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். பெரிய வண்டி, இதில் ஏற்றுங்கள் என்றார்.

கட்டில் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆளை மட்டும் தூக்கலாம் என்றால், உள்ளே திரும்ப இடமில்லை. நாற்காலிகளை எடுத்து வெளியே வீசினார். மேஜையைக் கழற்றினார். ஃப்ரிட்ஜ் அசையவில்லை. அவரே முடுக்கிய போல்ட், அத்தனை உறுதி. ஸ்பேனரைத் தேடினார். கட்டிலில் இருந்தவர் வலியில் பல்லைக் கடித்தார்.

திரும்பிப் பார்த்தார். கோசலை ஆட்டோவின் பின்கதவை முழுதாகத் திறந்துவைத்திருந்தார். அடுப்பும் ஒரு துணிப்பையும் மரத்தடிக்குப் போயிருந்தன. பலகை மேல் போர்வை மடித்து விரித்திருந்தது.

நான்கு பேரும் கட்டிலைப் பலகையோடு சேர்த்து வைத்து, சடையனை அலுங்காமல் நகர்த்தினார்கள். பலகை போக மிச்சமிருந்த இடத்தில் அவர் மனைவி குந்தினாள்.

கோசலை சாவியை மருதவாணனிடம் நீட்டினார்.

“நீங்க ஓட்டுங்ணா. என்னைவிட உங்களுக்கு வண்டி தெரியும். குலுங்கக்கூடாது.”

“இது ஒரு ஆள் வண்டியாச்சே அம்மிணி?”

“ஆமாங்ணா. இன்னைக்கு அந்த ஆளு இவரு.”

கோசலை கரையிலேயே நின்றுகொண்டார்; மருதவாணன் ஓட்டினார். வாழ்நாளில் இப்படி ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் தூரத்திலேயே பார்த்து, ஒதுங்கி, மெல்ல இறக்கி ஏற்றினார். பின்னால் முதலில் முனகல் கேட்டது. பிறகு பேச்சு. ஜன்னல் வழியாகத் தெரிவதை சடையன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கொக்கு போகிறது என்றார். யார் வயலிலோ மஞ்சள் காய்கிறது என்றார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்து, எலும்புதான் முறிந்திருக்கிறது, தண்டுவடம் தப்பித்தது, படுக்கவைத்தே கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார்.

சடையனின் மனைவி வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். வேப்பமர நிழலில் நின்ற ஆட்டோவை ஒரு கையால் தடவினாள்.

“அவரும் படுத்து, நானும் பக்கத்துலயே உக்காந்து வந்தேன். ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்கல” என்றாள். “நல்ல பெரிய வண்டிங்க.”

மருதவாணன் ஆட்டோவின் பக்கம் திரும்பினார். பிறகு, அவளோடு சேர்ந்து அதைப் பார்த்தார்.

“ஆமாம்மா” என்றார். “பெரிய வண்டி.”