கண் திறந்த குட்டி

குழந்தைகளே, ஒரு காட்டில் ஒரு பெரிய பாறை. பாறையின் அடியில் ஓர் எலிக்கூட்டம். அதன் தலைவன் நெடுமீசை. வெளி எலிகளோடு மணம் கூடாது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சட்டம். கலந்து பிறந்த குட்டியை ஆந்தைக்குப் போட்டுவிடுவது வழக்கம்.

"என் மீசையால் தொட்டாலே போதும். நம் ரத்தமா, ஊரான் ரத்தமா என்று சொல்லிவிடுவேன்" என்று நெடுமீசை பெருமை பேசும்.

மழை ஓயாத ஓர் ஆண்டில் தானியமெல்லாம் பூசணம் பிடித்தது. வேறு வழியில்லை, எலிகள் அதையே தின்றன. அதற்குப்பின் பிறந்த குட்டிகளில் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை.

"எல்லாம் பூசணம் செய்த வேலை" என்றது நெடுமீசை.

"ஓடைக்கு அக்கரை எலிகளும் இதைத்தானே தின்கின்றன? அவற்றின் குட்டிகள் கண் திறந்து துள்ளுகின்றனவே!" என்று கேட்டது கோரை என்னும் இளம் பெண் எலி. "பூசணத்தைத் தாங்காத உடம்பு நம் பாட்டனுக்கு. அதே உடம்பு அப்பாவுக்கு, அதே உடம்பு அம்மாவுக்கு. குட்டிக்கு வேறு எது கிடைக்கும்?"

"வாயை மூடு! வந்துவிட்டாள், குலத்தைக் குறை சொல்ல!"

கோரை வாயை மூடிக்கொண்டது. ஆனால் காலைக் கட்டிப்போடவில்லை. ஓடையைத் தாண்டிப் போய், அக்கரை எலி ஒன்றை மணந்து, திரும்பி வந்து குட்டி ஈன்றது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

நெடுமீசைக்கு வயதாயிற்று. தனக்குப் பின் ஆள வாரிசு தேடியது. கோரை தன் குட்டியைக் கொண்டுவந்து அதன் முன்னே விட்டது.

குட்டி கண்ணை உருட்டிப் பார்த்தது. நெடுமீசை அதை மீசையால் தொட்டது. தொட்டதும் கூத்தாடியது.

"பாருங்களடா! அப்படியே என் தாத்தா! கலப்பில்லாத ரத்தம் என்றால் இதுதான். இவனே அடுத்த தலைவன்! தகப்பன் யாரம்மா?"

"அக்கரை எலி" என்றது கோரை.



"ஆந்தைக்குப் போடுங்கள்!" என்று கிழ எலி ஒன்று கத்தியது.

கோரை குட்டிக்கு முன்னால் வந்து நின்றது. அப்படி ஒரு துணிச்சல் அந்தப் பாறையடியில் அதுவரை பிறந்ததே இல்லை.

"போடலாம். அதற்கு முன், கண் திறந்த இன்னொரு குட்டியை யாராவது கொண்டுவந்து இங்கே வையுங்கள்."

கூட்டம் தரையைப் பார்த்தது. நெடுமீசை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

பின்னாலிருந்து ஒரு பெண் எலி மெல்ல முன்னே வந்தது.

"அக்கா, ஓடையை எந்த இடத்தில் தாண்டினாய்?"

நீதி: வெளியாரை விலக்கக் கதவடைத்த வீட்டில் நோயே வாரிசாகும்.